மினி பிசியா, பழைய லேப்டாப்பா, ராஸ்பெரி பையா? நம் மாவட்டத்து வீட்டுக்கு எந்தப் பெட்டி பொருந்தும்

கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களின் கேள்வி இந்த ஓரிரு வருடத்தில் மாறிவிட்டது. முன்பெல்லாம் "எவ்வளவு ராம் போடணும்" என்று ஆரம்பிப்பார்கள். இப்போது, "போன்ல இடமில்ல, கூகுள் காசு கட்டச் சொல்லுது, வீட்டுக் கம்ப்யூட்டரும் பழசாயிடுச்சு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பெட்டியா வாங்க முடியுமா?" என்கிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உறவினர், நண்பர் வீடுகளுக்கு இந்தத் தேர்வைச் செய்து கொடுக்கிறவன் என்பதால், என் முடிவுகளைக் காரணத்தோடு எழுதி வைக்கிறேன்.

கேள்வி மாறியதற்கு இரண்டு காரணம். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. தரம் குறைத்துச் சேமித்த படங்கள் முன்பு அந்தக் கணக்கில் வராது. 2021 ஜூன் 1 முதல் அவையும் கணக்கில் சேர்கின்றன. ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, பிள்ளைகளின் ஆண்டுவிழா வீடியோ இரண்டு வந்தால் 15 ஜிபி போன இடம் தெரியாது. இன்னொன்று, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவை முடித்துக்கொண்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. அதனால் படங்களுக்கு இடமும் புதுக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன.

படங்களுக்கான இடத்துக்கு நான் சொல்லும் வழி வீட்டு சர்வர். அது பெரிய விஷயமில்லை. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வீட்டில் இருக்கிறவர்களின் போன்களிலிருந்து படங்கள் தாமாக அதற்குப் போய்ச் சேரும். இம்மிச் என்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. 2025 அக்டோபரில் அதன் நிலையான இரண்டாம் பதிப்பு வந்தது. முகங்களைப் பிரித்துக் காட்டும் வேலையைக்கூட வீட்டுப் பெட்டியிலேயே செய்கிறது. டிவியில் வீடியோ பார்க்க ஜெல்லிஃபின், கோப்புகளை இரண்டு இடத்தில் ஒன்றுபோல வைக்க சிங்க்திங், விளம்பரங்களைத் தடுக்க பை-ஹோல். இவை எல்லாம் ஒரே பெட்டியில் ஓடும். 8 ஜிபி ராமில் ஓட்டலாம். 16 இருந்தால் நிம்மதி.

முதலில் கரண்ட்

இணையத்தில் வரும் ஒப்பீடுகள் எல்லாம் பிராசஸர் வேகத்தில்தான் ஆரம்பிக்கின்றன. நம் பக்கத்துக்கு அது இரண்டாவது கேள்வி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் கரண்ட் மாலையில்தான் வரும். ஏப்ரல், மே மாதங்களில் காற்றோடு கோடை மழை அடித்தால் கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் கொட்டுகிற நேரத்தில் லைனும் போகும். பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கிராமங்களில் சுற்றியிருக்கும் போர்வெல் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதும் உண்டு. அதனால் என் முதல் கேள்வி இதுதான்: கரண்ட் போய்த் திரும்பி வந்தால், யாரும் தொடாமல் இந்தப் பெட்டி தானாக எழுந்து வேலையைத் தொடருமா? வீட்டில் ஆள் இல்லாதபோது அணைந்து கிடக்கும் சர்வரால் எந்தப் பயனும் இல்லை. வெளியூரிலிருந்து பிள்ளை படம் அனுப்புவது அன்றைக்குத்தான் இருக்கும்.

இதற்கான அமைப்பு பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில் இருக்கிறது. மினி பிசி எனப்படும் சின்னப் பெட்டிகளில், டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ என்றால் ஆன் செய்தவுடன் எஃப்2 அழுத்தி உள்ளே போனால் "ஏசி ரெகவரி" என்று ஒரு வரி இருக்கும். அதை "பவர் ஆன்" என்று மாற்ற வேண்டும். லெனோவோ திங்க்சென்டர் டைனிக்கு எஃப்1, எச்பி எலைட்டெஸ்க் மினிக்கு எஃப்10. இரண்டிலும் "ஆஃப்டர் பவர் லாஸ்" என்ற பெயரில் இருக்கும். இன்டெல் என்100 என்ற பிராசஸரோடு புதிதாக வரும் பெட்டிகள் பலவற்றில் "ஸ்டேட் ஆஃப்டர் ஜி3" என்று யாருக்கும் புரியாத பெயரில் ஒளிந்திருக்கும். அங்கே "எஸ்0" என்று வைக்க வேண்டும். பெரும்பாலான லேப்டாப்களில் இந்த வசதியே இல்லை. ஒரே போர்டில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டரான ராஸ்பெரி பைக்கு அமைப்பே தேவையில்லை, கரண்ட் வந்தாலே எழுந்துவிடும்.

அடுத்தது இன்வெர்ட்டர். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் எகோ அல்லது நார்மல். யூபிஎஸ் பக்கம் வைத்தால் கரண்ட் போனதும் பேட்டரிக்கு வேகமாக மாறும். ஆனால் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே இறங்கினாலே கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு பேட்டரியைக் கரைக்க ஆரம்பித்துவிடும். எகோ பக்கம் வைத்தால் குறைந்த வோல்டேஜையும் ஏற்கும், ஆனால் மாறுவதற்குச் சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் பழைய டெஸ்க்டாப் அணைந்துவிடும். வோல்டேஜ் குறைவான ஊர்களில் இதனால்தான் எந்தப் பக்கம் வைத்தாலும் தொல்லை.

மினி பிசியின் பலம் இங்கேதான் தெரிகிறது. அதன் அடாப்டர் லேப்டாப் அடாப்டரைப் போல 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். 65 வாட் தரக்கூடிய அடாப்டரிலிருந்து பெட்டி சும்மா இருக்கும்போது 10 வாட் அளவுக்குத்தான் இழுக்கிறது. அதனால் அடாப்டரின் கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம் அந்தச் சின்ன இடைவெளியைப் பெரும்பாலும் கடத்திவிடும். இன்வெர்ட்டரை எகோவிலேயே விட்டுவிடலாம். விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை) போட்ட டெஸ்க்டாப்பிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

பில் கணக்கும் பார்த்துவிடலாம். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 10 வாட் பெட்டி இரவு பகலாக ஓடினால் 60 நாளில் 14.4 யூனிட். சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் என்றால் 72 யூனிட். வித்தியாசம் 57 யூனிட் சொச்சம். பணமாக அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நம் கட்டணம் படி படியாக ஏறுகிறது. ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீட்டில் இந்த 57 சேர்ந்தால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விகிதம் கூடுகிறது. ஏசி ஓடும் வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பழைய லேப்டாப்

வீட்டில் ஏற்கெனவே ஒன்று சும்மா கிடந்தால் முதலில் அதில் முயன்று பாருங்கள். பணம் செலவில்லை, திரையும் கீபோர்டும் கூடவே இருக்கின்றன, பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே யூபிஎஸ். இம்மிச் பிடிக்கிறதா, வீட்டில் இருக்கிறவர்கள் உண்மையில் பயன்படுத்துகிறார்களா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பயன்படுத்தவில்லை என்றால் புதுப் பெட்டிக்கான பணம் மிச்சம்.

நிரந்தரமாக வைக்க நான் சொல்ல மாட்டேன். பேட்டரியை வருடம் முழுக்க நூறு சதவீதத்தில் வைத்து, மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட அறையில் மே மாத வெயிலில் ஓட்டினால் பேட்டரி உப்பும். டச்பேட் மேலே எழும்புவது அதன் அடையாளம். அதைப் பார்த்தால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். சார்ஜ் 60 அல்லது 80 சதவீதத்தில் நிற்கும்படி அமைக்கும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் ஆபத்து குறையும். 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் நம் மாவட்டத்தில் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவற்றில் ஆரம்ப வருடத்து மாடல்கள் ராம் குறைவு, சுழலும் ஹார்டு டிஸ்க். பை-ஹோல் ஓட்டலாம். முகம் பிரிக்கும் வேலையெல்லாம் கொடுத்தால் தாங்காது.

ராஸ்பெரி பை

2023 அக்டோபரில் வந்த ராஸ்பெரி பை 5 நல்ல போர்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்தது இல்லை என்று இப்போதும் சொல்வேன். வீட்டு சர்வராக வாங்கும்போதுதான் கணக்கு இடிக்கிறது. போர்டு விலையை மட்டும் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் தனியாக வேண்டும். வீட்டில் கிடக்கும் போன் சார்ஜரில் போட்டால் யூஎஸ்பி வழியாக வெளி டிஸ்க்குக்குப் போகும் கரண்டை அது குறைத்துவிடும். கேஸ், ஃபேன், எஸ்எஸ்டி மாட்டும் போர்டு, எஸ்எஸ்டி என்று சேர்த்துக்கொண்டே போனால் பழைய மினி பிசியின் விலை வந்துவிடும். மெமரி கார்டிலேயே ஓட்டலாம் என்றால், நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்து அடிக்கடி கரண்டும் போகும் இடத்தில் கார்டு சீக்கிரம் கெட்டுவிடும். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றித் தரும் வன்பொருள் வசதியும் பை 5-இல் இல்லை. அதனால் ஜெல்லிஃபினில் வீடியோ மாற்ற வேண்டி வந்தால் பிராசஸர் மூச்சு வாங்கும்.

அன்றாடக் கம்ப்யூட்டராக வைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு தடை: பிரிண்டர். பையில் வழக்கமாக ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். நம் ஊர் ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ், ஆசிரியர் வீடு என்று எங்கே பார்த்தாலும் இருக்கும் கேனான் எல்பிபி 2900-க்கு லினக்ஸ் டிரைவர் ஏற்றுவதே பாடு. பையில் இருக்கும் ஏஆர்எம் பிராசஸருக்கு கேனான் டிரைவரே தரவில்லை. பட்டா, சிட்டா எடுத்து அச்சடிக்கிற வீட்டில் பை வேண்டாம்.

புதிய என்100 பெட்டி

இன்டெல் என்100 வந்தது 2023 தொடக்கத்தில். நான்கு கோர், இன்டெல் குறிப்பிடும் மின் அளவு 6 வாட். வேகத்தில் 2015-இல் வந்த டெஸ்க்டாப் ஐ5-6500-க்கு ஏறத்தாழ ஈடு, அதுவும் கால் பங்குகூட கரண்ட் இழுக்காமல். இப்போது அதன் சற்றே வேகமான தம்பி என்150-உம் வந்துவிட்டது. வீடியோ விஷயத்தில் இது பழைய ஐ5-களை எளிதாக முந்துகிறது. ஏவி1 என்ற புது வீடியோ வடிவம் வரை வன்பொருளிலேயே பிரித்துவிடும். போனில் எடுத்த 4கே வீடியோவை டிவிக்கு ஏற்ப மாற்றி அனுப்புவதைச் சத்தமில்லாமல் செய்யும்.

குறை என்ன? ராம் ஒரே சேனல். இன்டெல் கணக்கில் 16 ஜிபிதான் உச்சம். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி பல பெட்டிகளில் பெயர் தெரியாத கம்பெனியுடையது. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் சர்வீஸ். அடாப்டர் போனால், போர்டு போனால் யாரிடம் போவது? வெளிநாட்டு யூடியூபர் காட்டும் மாடலும் விலையும் நமக்கு அப்படியே பொருந்தாது. 2023 ஆகஸ்டில் லேப்டாப், டேப்லெட், மிகச்சிறு வடிவக் கம்ப்யூட்டர், சர்வர் ஆகியவற்றின் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு அறிவித்தது. பிறகு அதைத் தளர்த்தி, அந்த நவம்பர் முதல் அனுமதி பெற்று இறக்கும் முறையாக மாற்றியது. தனியாக ஒன்றை வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். ஆகவே இந்தியாவில் பில்லோடும் வாரண்டியோடும் விற்கும் என்100 பெட்டி கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு தனி நன்மை உண்டு. பல என்100 பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸிலேயே இவற்றையும் ஓட்டலாம்; இன்வெர்ட்டரே இல்லாத வீட்டுக்கு இது நல்ல வழி. ஆம்பியரைப் பார்த்து வாங்க வேண்டும். அடாப்டரில் 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 2 ஆம்பியர் யூபிஎஸ் போதாது. முழு வேகத்தில் ஓடும் நிமிடத்தில் அணைந்துவிடும்.

ஃபேன் இல்லாத மாடல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். கிரானைட் பட்டறைகள், குவாரிகள் இருக்கும் கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துத் தூசியில் ஃபேன் இல்லாதது நல்லதுதான், தூசி உள்ளே போக வழியில்லை. ஆனால் அதன் உடம்பே வெப்பத்தை வெளியேற்றும் தகடு. மூடிய அலமாரியில் வைத்தால் சூடு ஏறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓசூரில் இருப்பவர்களுக்கு உயரத்தின் புண்ணியத்தில் வெயில் குறைவு, கவலையில்லை. தருமபுரி, ஊத்தங்கரை என்றால் சுவரில் திறந்த இடத்தில் மாட்டுங்கள்.

அலுவலகங்களிலிருந்து வரும் ஒரு லிட்டர் பெட்டி

என் தேர்வு இதுதான். லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி மூன்றும் ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிகள். பெரிய அலுவலகங்கள் இவற்றை மொத்தமாக வாங்கி, சில வருடங்களில் மொத்தமாக மாற்றிவிடுகின்றன. மாற்றப்பட்டவை பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்கு வருகின்றன. ஓசூர்க்காரருக்கு அது பக்கத்து ஊர். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து 130. காலையில் பஸ் ஏறினால் இரவுக்குள் பெட்டியோடு வீட்டில் இருக்கலாம். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு இல்லாத வசதி இது.

வாங்குவதென்றால் தலைமுறை முக்கியம். எட்டாம் தலைமுறை ஐ5-8500டி என்றால் ஆறு கோர், விண்டோஸ் 11-க்குத் தகுதி, சும்மா இருக்கும்போது 10 வாட் சுற்றளவு. ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் விண்டோஸ் 10 முடிந்த பிறகு இன்னும் மலிவாகிவிட்டன. லினக்ஸ் போட்டு சர்வராக மட்டும் வைக்க அவையே போதும். இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் ஏழாம் தலைமுறையை எடுங்கள், ஏனென்றால் 10 பிட் எச்இவிசி வீடியோவை வன்பொருளில் பிரிக்கும் வசதி அதில்தான் வந்தது. ஐபோன் எச்டிஆர் வீடியோக்கள் அந்த வகை. மேசையில் விண்டோஸ் ஓட்ட வேண்டுமானால் எட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

2025 கடைசியிலிருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. அதனால் ராம் இல்லாமல் வெறும் பெட்டியாக வாங்கிப் பிறகு போடுவதைவிட, 16 ஜிபி ஏற்கெனவே போட்டிருக்கும் பழைய பெட்டி இப்போது லாபம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் இங்கே எண் எழுதவில்லை. ஆனால் அதே ராம், அதே எஸ்எஸ்டி உள்ள புதிய என்100 பெட்டியின் விலையைவிடக் கூடுதலாகக் கேட்டால் வாங்காதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் போட்ட மினி பிசி வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்கும், ஒரே பெட்டியில் பல கம்ப்யூட்டர்களை ஓட்டிப் பழகும் ஐடி ஊழியருக்கும் சரி. படம் சேமிக்க மட்டும் அவ்வளவு பணம் தேவையில்லை. மேக் மினி எம்4 மிகக் குறைந்த கரண்டில் மிக வேகமாக ஓடும், ஆனால் டாலி (கணக்கு மென்பொருள்), கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று விண்டோஸை நம்பியிருக்கும் வேலைகள் இருந்தால் சிக்கல். இரண்டு டிஸ்க் போடும் ரெடிமேட் நாஸ் கருவி (ரவுட்டரோடு இணைக்கும் சேமிப்புப் பெட்டி) நம்பகமானது. ஆனால் மேசைக் கம்ப்யூட்டராகப் பயன்படாது, டிஸ்க் விலையும் தனி. டவர் டெஸ்க்டாப், உள்ளே நான்கைந்து பெரிய டிஸ்க் போட வேண்டிய ஸ்டூடியோக்காரருக்கு மட்டும்.

ஒரே பெட்டி இரண்டு வேலையும் செய்யுமா?

செய்யும். ஆனால் வீட்டில் நிலைக்காது என்பது என் முடிவு. மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரை யாராவது அணைப்பார்கள். பிள்ளைகள் கேம் ஹேங் ஆனால் பட்டனை அழுத்திப் பிடிப்பார்கள். விண்டோஸ் அப்டேட் நடு இரவில் ரீஸ்டார்ட் செய்யும். பெரியவர்கள் "கரண்ட் வீணா போகுது" என்று பிளக்கைப் பிடுங்குவார்கள். அவரவர் செய்வது அவரவருக்கு நியாயம்தான். அணைக்கிற பழக்கம் நல்ல பழக்கம். அதனால் சர்வரை அந்தப் பழக்கத்துக்கு எட்டாத இடத்தில், ரவுட்டர் பக்கத்தில், திரை இல்லாமல் வைப்பதே தீர்வு.

பாலக்கோட்டில் அக்கா வீடு. மாமா தக்காளி மண்டி வைத்திருக்கிறார். விடியற்காலையில் லோடு வந்ததிலிருந்து மதியம் வரை டாலியில் கணக்கு, எல்பிபி 2900-இல் பில். வீட்டில் பிள்ளைகள் படம், அக்கா போன் நிறைய வீடியோ. இரண்டு பெட்டி என்றதும் மாமா கேட்டார்:

"ஏன் மாப்ள, ஒண்ணுலயே முடியாதா? எதுக்கு ரெண்டு?"

"முடியும் மாமா. ஆனா மண்டி வேலை முடிஞ்சதும் நீங்க அதை அணைச்சிருவீங்க. அப்புறம் அக்கா போன்ல எடுக்கிற படம் எங்க போகும்?"

"அணைக்காம விட்டா பில்லு?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டும் இரவு பகலாக ஓடினால்கூட 20 வாட், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்டுக்குள். அவருடைய பழைய டவர் மண்டி நேரத்தில் மட்டும் ஓடியே ஏறத்தாழ அவ்வளவு இழுக்கிறது. மேசைக்கு எட்டாம் தலைமுறைப் பெட்டி, விண்டோஸ் 11, டாலி, பழைய பிரிண்டர். ரவுட்டர் பக்கத்தில் ஆறாம் தலைமுறைப் பெட்டி, டெபியன் லினக்ஸ், இம்மிச். மண்டி கம்ப்யூட்டரில் டாலி டேட்டாவுக்கு எடுக்கும் பேக்கப் ஃபோல்டர் சிங்க்திங் வழியாக தினமும் சர்வருக்கும் போய்ச் சேருகிறது. தனித்தனிப் பெட்டி என்பதால் ஒன்றில் வைரஸ் வந்து டிரைவையே பூட்டினாலும் மற்றொன்றில் பழைய பிரதிகள் தப்பிக்க வேண்டும். அதற்காக சர்வர் பக்கத்தில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் அமைப்பை ஆன் செய்தாக வேண்டும். அது இல்லாமல் சிங்க் மட்டும் செய்தால் கெட்ட கோப்பு நல்ல கோப்பின் மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

பணம் ஒரு பெட்டிக்குத்தான் இருக்கிறது என்றால்? சர்வரை விட்டுவிட்டு மேசைக்கு எட்டாம் தலைமுறைப் பெட்டியை வாங்குங்கள். படத்துக்கு இப்போதைக்கு ஒரு வெளி ஹார்டு டிஸ்க் போதும். விண்டோஸ் தேவையே இல்லாத வீடாக இருந்தால் அதே பெட்டியில் லினக்ஸ் போட்டு, பவர் பட்டன் அழுத்தினால் அணையாதபடி அமைத்து, இரண்டு வேலைக்கும் வைக்கலாம். கல்லூரி மாணவர் தனியாக இருக்கும் அறைக்கு இது சரி.

வெளியிலிருந்து எட்ட

வீட்டுக்கு வெளியே இருக்கும்போது சர்வரை எட்டுவது பலருக்குத் தடையாகத் தெரிகிறது. மொபைல் கம்பெனிகளும் பல ஃபைபர் இணைப்புகளும் நமக்கென்று தனி இணைய முகவரி (ஐபிவி4) தருவதில்லை. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. அதனால் ரவுட்டரில் போர்ட் திறக்கும் பழைய வழி வேலை செய்யாது. போனையும் வீட்டுப் பெட்டியையும் நேராக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். தனிநபருக்கு இலவசம், போனிலும் பெட்டியிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். போர்ட் எதுவும் வெளியில் திறக்காததால் பாதுகாப்பும் கூடுதல்.

கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் பயாஸுக்குள் போக முடிகிறதா பாருங்கள். பழைய அலுவலகம் போட்ட பாஸ்வேர்ட் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே போனதும் மேலே சொன்ன பவர் அமைப்பை மாற்றி, கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகுங்கள். தானாக எழ வேண்டும். வைஃபை கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அலுவலகத்துக்கு வாங்கிய பெட்டிகளில் பலவற்றில் இருக்காது. சர்வருக்கு கேபிள் போதும், மேசைக்கு வேண்டியிருக்கும். சில மாடல்களில் எச்டிஎம்ஐ கிடையாது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான்; வீட்டில் இருக்கும் டிவியில் மாட்ட வேண்டுமானால் அதற்கான கேபிளையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் காட்டச் சொல்லுங்கள். அடாப்டரில் பெட்டியின் கம்பெனி பெயரே இருக்கட்டும்.

டிஸ்க் அளவிலும் ஒரு கணக்கு உண்டு. பெட்டிக்குள் 2.5 இன்ச் இடம் ஒன்றுதான், அதில் 7 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே நுழையும். அந்தத் தடிமனில் சுழலும் ஹார்டு டிஸ்க் 2 டிபிக்கு மேல் கிடையாது. குடும்பப் படங்களுக்கு அது பல வருடம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் தனி அடாப்டரோடு வரும் 3.5 இன்ச் வெளி டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டி, அதன் அடாப்டரையும் இன்வெர்ட்டர் லைனிலேயே போடுங்கள்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் டிஸ்க் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று பெட்டியில். மற்றொன்றில் முழுப் பிரதி எடுத்து வேறு வீட்டில் வைக்க வேண்டும், ஏனென்றால் இடி இறங்கினால் ஒரே பிளக் பாயிண்டில் இருக்கும் எல்லாம் சேர்ந்துதான் போகும். அக்கா வீட்டின் இரண்டாவது டிஸ்க் ஓசூரில் சின்ன அக்கா வீட்டில் இருக்கிறது. பண்டிகைக்கு பாலக்கோட்டுக்கு வரும்போது அதைக் கையோடு எடுத்து வந்து புதுப்பித்துக்கொண்டு போகிறார்கள்.